குடும்பக் குரூஸுக்கு வைன் கொண்டு போகிறீர்களா? எங்கள் ஆட்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் குரூஸ் என்கிற உல்லாசப் பயணக் கப்பல் ஏற வழியில்லை. ஆனாலும் அப்பாவின் அறுபதாம் கலியாணம், அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்றைச் சாட்டி, கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற பிள்ளைகள் இங்கிருந்து பெற்றோரைக் கூப்பிட்டு, மாமா மாமி மச்சாள்மாரையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேராகக் கப்பல் ஏறுவது கல்லாறு, களுவாஞ்சிக்குடி, காரைதீவுப் பக்கமெல்லாம் அடிக்கடி காதில் விழுகிற கதைதான். வாட்ஸ்அப் குறூப் ஒன்று தொடங்கும், எல்லோரும் என்ன நிறத்தில் உடுப்பது என்று ஒரு கிழமை இழுபடும், பிறகு யாராவது ஒரு மச்சான் மெதுவாகக் கேட்பார்: "போத்தல் கொண்டு போகலாமா?" உடனே ஆளாளுக்கு ஒரு பதில் வரும். அதில் பாதியை நம்பக் கூடாது.

ஏனென்றால் பதில் சொல்பவர் போனது வேறு கம்பனியின் கப்பலில். இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்ப் பிழை. கார்னிவலும் ரோயல் கரீபியனும் ஏறும் நாளில், குடிக்கும் வயது வந்த ஆளுக்கு 750 மில்லிலீட்டர் வைன் அல்லது ஷாம்பேன் போத்தல் ஒன்று விடும். பிரின்சஸும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆளுக்கு ஒன்றைக் கேபினில் வைத்துக் குடித்தால் காசில்லை, அதற்கு மேல் கொண்டு போகிற ஒவ்வொன்றுக்கும் காசு. டிஸ்னி பிள்ளைகளின் கப்பல் என்று பெயர் எடுத்தது, ஆனால் அமெரிக்காவிலிருந்து போகும் டிஸ்னி கப்பல்கள்தான் இதில் தாராளம்: 21 வயதான ஒருவர் இரண்டு போத்தல் வைன் அல்லது ஆறு பியர் கொண்டு போகலாம், அதுவும் முதல் நாள் மட்டுமல்ல, இடையில் இறங்கி ஏறும் ஒவ்வொரு துறைமுகத்திலும். நோர்வீஜியன் எத்தனை போத்தல் என்று பார்ப்பதில்லை. ஆனால் ஏறும்போதே 750 மில்லிலீட்டருக்கு 15 டொலர், ஒன்றரை லீட்டருக்கு 30 டொலர் என்று கணக்கில் போட்டுவிடும், "நான் கேபினுக்குள்தான் குடிப்பேன்" என்றாலும் விடாது. எம்.எஸ்.சி. வெளியிலிருந்து குடிவகை எதையும் ஏற்றவே விடாது.

இந்த எண்களை நம்பி மட்டும் பெட்டி கட்டவும் வேண்டாம். ரோயல் கரீபியன் முன்பு கேபினுக்கு இரண்டு என்று வைத்திருந்து, பிறகு ஆளுக்கு ஒன்று என்று மாற்றியது. புறப்படுவதற்கு முந்திய கிழமை நீங்கள் போகும் கம்பனியின் இணையத்தளத்தில் குடிவகை விதிகள் உள்ள பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஆள் எண்ணுவது. பதின்மூன்று பேர் போகிறோம், அப்படியென்றால் பதின்மூன்று போத்தல் என்று ஒருவர் கணக்குப் போடுவார். பிள்ளைகள் கணக்கில் இல்லை. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலில் குடிக்கும் வயது 21. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் 18. ஆகவே லண்டனில் படிக்கிற பத்தொன்பது வயது மருமகன் சவுதாம்டனில் ஏறினால் ஒரு போத்தலுக்கு உரியவன், மியாமியில் ஏறினால் சோடாவுக்கு மட்டும் உரியவன். அவனுக்கு அது அநியாயமாகப் படும், படட்டும். பெரியவர்களில் யாராவது இரக்கப்பட்டுக் கேபினுக்குள் அவனுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து அது பிடிபட்டால், கொடுத்தவருக்கே மீதிப் பயணத்தில் குடிவகை நிறுத்தப்படலாம்.

மறுபக்கம், அம்மம்மா வாழ்க்கையில் ஒரு துளி தொட்டிருக்க மாட்டார், ஆனால் விதியின் கண்ணில் அவரும் ஒரு போத்தலுக்கு உரிய ஆள். இதை எங்கள் ஆட்கள் மிக வேகமாகக் கண்டுபிடித்து விடுவார்கள். கொண்டு போகலாம், பிழையில்லை, ஆனால் அவரிடம் சொல்லாமல் பைக்குள் வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் பை நிற்கும், வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்பார், திருநீற்றுச் சரை, பிரஷர் குளிசைப் பெட்டி, சுருட்டி வைத்த ஸ்வெட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும், கடைசியில் அடியிலிருந்து ஷிராஸ் வைன் போத்தல் ஒன்று வரும். அந்த நேரம் அம்மம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எந்த மருமகனுக்கும் இல்லை. முன்கூட்டிச் சொன்னால் அவரே, "சரி, கொண்டா" என்று சிரித்துக்கொண்டு வாங்கி வைப்பார், பெரும்பாலான அம்மம்மாக்கள் நாங்கள் நினைக்கிற அளவுக்குக் கடுமை இல்லை.

போத்தல் கையில் கொண்டு போகும் பையில்தான் இருக்க வேண்டும். துறைமுக வாசலில் பெரிய சூட்கேஸ்களைச் சுமைதூக்குபவர்கள் வாங்கிக்கொள்வார்கள், அவை பின்னேரம்தான் கேபின் வாசலுக்கு வரும். அதற்குள் வைனை வைத்தீர்கள் என்றால் ஸ்கேனில் பெட்டி நிறுத்தப்படும், எல்லோரும் மேல் தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்க நீங்கள் கீழே போய் வரிசையில் நின்று பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அது நல்ல முடிவு. கெட்ட முடிவு, போத்தல் உடைந்து அறுபதாம் கலியாணப் பட்டுச்சேலை முழுக்கச் சிவப்பு வைன்.

இனி சாராயத்துக்கு வருவோம். ஊரிலிருந்து போகிறவர்கள் தென்னஞ்சாராயம் இரண்டு போத்தல் இல்லாமல் போவது மரியாதை இல்லை என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. கனடா அண்ணனின் வீட்டுக்குக் கொண்டு போங்கள், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் மேலே சொன்ன கம்பனிகள் ஒன்றும் சாராயம், விஸ்கி, பிராண்டி எதையும் குடிப்பதற்கென்று கப்பலுக்குள் விடாது. வைனுக்குக் கிடைக்கிற சலுகை இவற்றுக்குக் கிடையாது.

விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கும். ஜிஞ்சர் பியர் போத்தலில் கலந்து கொண்டு போவது, மவுத்வாஷ் போத்தலில் சாயம் போட்டு ஊற்றுவது, ஷாம்பு மாதிரி இருக்கிற பைகளை இணையத்தில் வாங்கி நிரப்புவது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சித்தப்பா ஒருவர் முதல் வழியைப் பிடித்தார். போத்தல் மூடியின் வளையம் உடைந்திருந்ததைப் பார்த்த பாதுகாப்பு ஊழியர் ஒன்றும் பேசாமல் மூடியைத் திறந்து ஒரு தடவை மணந்து பார்த்தார், பக்கத்திலிருந்த தொட்டியில் ஊற்றினார், வெறும் போத்தலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். முழுக் குடும்பமும் பின்னால் வரிசையில் நின்றது. அந்த ஊழியர்கள் கப்பலுக்குக் கப்பல் ஆயிரக்கணக்கான பைகளைப் பார்க்கிறவர்கள், எங்களுக்குப் புதிதாகத் தோன்றுகிற தந்திரம் அவர்களுக்குப் பழங்கதை. 2015இல் கார்னிவல் தண்ணீர்ப் போத்தல் கொண்டு வருவதையே நிறுத்தியது, காரணம் இந்தக் கடத்தல்தான். பறித்ததற்கு நட்டஈடும் கிடையாது.

வீட்டில் போட்ட நாவற்பழ வைன், அன்னாசி வைன் இதெல்லாமும் அதே கதிதான். முத்திரை உடையாத போத்தல் என்பது விதி, தக்கையை மெழுகால் மூடி நீங்களே எழுதி ஒட்டிய போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் விளக்க முடியாது. பெட்டியில் வரும் மூன்று லீட்டர் வைனும் வேண்டாம், 750 என்றால் 750தான்.

சரி, ஒழுங்காக ஏற்றியாயிற்று. இப்போது கோர்க்கேஜ் என்கிற காசு. உங்கள் போத்தலைக் கப்பலின் சாப்பாட்டறையில் திறந்து குடிப்பதற்கு அவர்கள் வாங்கும் கட்டணம் அது. கார்னிவலில் 15 டொலர், டிஸ்னியில் 25 டொலருக்கு மேல். இதைக் கேட்டதும் சிலர், "என் போத்தலைத் திறக்க நான் ஏன் காசு தர வேண்டும்?" என்று மேசையிலேயே தொடங்குவார்கள். கணக்கைப் பாருங்கள். கடையில் 12 டொலருக்கு வாங்கிய வைன், கோர்க்கேஜோடு 27 டொலர். அதையே கப்பலில் கோப்பைக் கணக்கில் வாங்கினால், ஒரு கோப்பை 12 டொலர் என்றே வைத்துக்கொள்வோம், மேலே சேவைக் கட்டணம் 18 வீதம் என்றாலும் 14 டொலரைத் தாண்டும். ஒரு போத்தலில் 150 மில்லிலீட்டர்படி ஐந்து கோப்பை. எழுபது டொலர் எங்கே, இருபத்தேழு எங்கே. ஆறு டொலர் வைனுக்குப் பதினைந்து டொலர் கட்டுவதுதான் கொஞ்சம் மனதைக் குத்தும், அந்தப் போத்தலைக் கேபின் பால்கனியில் வைத்து முடியுங்கள், நல்ல போத்தலைச் சாப்பாட்டு மேசைக்கு எடுங்கள்.

காசு கட்டிவிட்டோமே என்று ஒரே இரவில் முழுப் போத்தலையும் முடிக்கவும் தேவையில்லை. மிச்சத்தை மூடிக் கேபின் இலக்கம் எழுதி வைத்து, அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்துத் தருவார்கள், பரிமாறுபவரிடம் சொன்னால் போதும். கேபினில் ஒரு கோப்பையில் ஊற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போவது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை, பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை. மேசைக்குக் கீழே போத்தலை வைத்துக் குனிந்து குனிந்து ஊற்றுவதுதான் அசிங்கம்.

குடிவகைப் பொதி என்று ஒன்று விற்பார்கள், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு வேண்டியதைக் குடிக்கலாம். அதில் ஒரு கொக்கி: கார்னிவலில் ஒரே கேபினில் இருக்கிற பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும். மாமா குடிப்பார், மாமி தேத்தண்ணிதான் என்றால், மாமியின் தேத்தண்ணிக்கும் சேர்த்து மாமா பெரிய விலை கொடுக்கிறார். இரவில் ஒரு கோப்பையோடு நிறுத்துகிற எங்கள் மாமாமாருக்குக் கொண்டு போன இரண்டு போத்தலே போதும். பொதியையும் வாங்கி, போத்தலையும் கொண்டு போய், கடைசி நாளில் திறக்காத போத்தலோடு இறங்குகிறவர்களும் உண்டு.

போத்தலை எங்கே வாங்குவது? இங்கிருந்து கொண்டு போகாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். வரியால் இறக்குமதி வைன் இங்கே விலை கூட, மட்டக்களப்பு டவுனில் தேடினால் தெரிவுக்கும் பெரிதாக ஒன்றும் இராது, புறப்படுகிற நாள் போயாவாக அமைந்தால் கடையும் பூட்டு. மியாமியிலோ சவுதாம்டனிலோ ஏறுவதற்கு முதல் நாள் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வாங்கினால் முடிந்தது. சிங்கப்பூரில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் அங்கே வரி கூட என்பதால் கணக்கு வேறு. திருகு மூடி போட்ட போத்தலாகப் பாருங்கள், தக்கை திறக்கும் கருவிக்காகக் கேபின் ஊழியரைத் தேடி அலைய வேண்டாம்.

கட்டாயம் பிளைட்டில் கொண்டு போகத்தான் வேண்டும் என்றால், 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட திரவம் என்பதால் சூட்கேஸில் போட்டு அனுப்ப வேண்டும். கட்டுநாயக்காவில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால் முத்திரையிட்ட பையையும் பற்றுச்சீட்டையும் கடைசி வரை பிரிக்காதீர்கள். டோஹா, துபாய் வழியாக அமெரிக்காவுக்குப் போய் அங்கே இன்னொரு உள்ளூர் பிளைட் ஏறுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். முதலில் இறங்கும் அமெரிக்க விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்ததும், அந்தப் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துத் திரும்பக் கொடுத்துவிடுங்கள், கையில் வைத்துக்கொண்டு அடுத்த பாதுகாப்புச் சோதனைக்குப் போனால் அங்கே நிற்க வேண்டி வரலாம்.

இடையில் இறங்கும் துறைமுகங்களில் வாங்கும் போத்தலை இரவே குடிக்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். டிஸ்னி போன்ற ஒன்றிரண்டைத் தவிர்த்தால், திரும்பி ஏறும் வாசலில் வாங்கி வைத்துச் சீட்டு ஒன்று தந்து, பயணத்தின் கடைசியில்தான் கொடுப்பார்கள். கப்பலின் சொந்தக் கடையில் வாங்கும் போத்தலுக்கும் இதே கதைதான். கண்ணாடிக் கோப்பையோடு நீச்சல் தடாகப் பக்கம் போகவும் வேண்டாம், அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிவார்கள்.

கடல் ஆட்டத்துக்குக் குளிசை போட்டவர்கள் அன்று வைனை விடுவது நல்லது. டிராமமைன், மெக்லிசின் இரண்டும் தூக்கத்தைக் கொண்டு வரும், வைனும் சேர்ந்தால் படியில் கால் தடுமாறும், வயதானவர்களுக்கு இது விளையாட்டில்லை.

இறங்கும்போது சுங்கம் இருக்கிறது. அமெரிக்காவில் இறங்கினால் 21 வயதானவருக்கு ஒரு லீட்டர் வரியில்லாமல். கனடாவுக்குத் திரும்புகிறவர்கள் 48 மணித்தியாலமாவது வெளியில் இருந்திருந்தால் வைன் ஒன்றரை லீட்டர், அல்லது சாராய வகை 1.14 லீட்டர், அல்லது பியர் எட்டரை லீட்டர், மூன்றில் ஒன்றுதான், ஒன்ராறியோவில் வயது 19. அவுஸ்திரேலியாவில் 18 வயதானவருக்கு மொத்தம் 2.25 லீட்டர். பிள்ளைகளின் பெயரில் ஒரு போத்தலைத் தள்ள இங்கேயும் வழியில்லை. அளவு மிஞ்சினால் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்து வரியைக் கட்டுங்கள், அதற்காகவாவது பற்றுச்சீட்டை எறியாமல் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள்.