மறுவாய்ப்புக் காதல் நாவலைக் கடற்கரை ஊரில் அமைப்பது எப்படி?

பிரிந்த இருவரை மீண்டும் சேர்க்கும் நாவலை இராமநாதபுரம் கடற்கரையில் அமைப்பவர், அவர்கள் அடிக்கடி எதிர்ப்படுவதற்கான காரணத்தை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு மிகவும் ஏற்றது. விசைப்படகு கடலுக்குப் போகாததால், பாம்பன் கரையில் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப்பிடித்துக் கிழிசலைச் சீர்செய்துகொண்டிருக்கும் அவன், நாட்டுப்படகு மீனை ஏலம் எடுக்கக் கூடையோடு வரும் அவளைத் தவிர்க்கவே இயலாது.

பிரிவுக்கு வெறும் தவறான புரிதலைக் காரணமாக்குவது பலவீனம். படகுக் கடனுக்காக அவளுடைய நகையை அவன் அடகு வைத்தான் என்றால் கதைக்குக் கனம் கூடும். மன்னிப்புக்கு முன் நகை மீட்கப்படட்டும். ஊரார் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை (அதற்கு உறவினர்களே தாராளம்). அவன் நுழைந்ததும் டீக்கடைப் பேச்சு பாதியில் நின்றால் போதும்.