மணல் வார்ப்பு: ஓர் அலுமினியத் தட்டை முதன்முறை வார்க்கும் மாணவருக்கு

உற்பத்தி முறைகளைப் பற்றிய பாடத்தைத் தொடங்கும் பொறியியல் மாணவர், வார்த்தல், அடித்து உருவாக்கல், பற்றவைத்தல், கடைதல் என்று வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஒரு பொருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை கணக்கோடு செய்து பார்ப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு, மணலில் அச்செடுத்து அதில் உருகிய உலோகத்தை ஊற்றும் மணல் வார்ப்பு மிகவும் ஏற்றது. கோயம்புத்தூர் பவுண்டரிகளில் வார்ப்பிரும்புப் பம்ப் உறைகள் உருவாவதும் இம்முறையில்தான். நாம் எடுத்துக்கொள்ளப்போவது 200 மி.மீ. நீளமும் 200 மி.மீ. அகலமும் 21 மி.மீ. தடிமனும் கொண்ட அலுமினியத் தட்டு; அதன் மேல்முகமும் கீழ்முகமும் வார்த்தபின் இயந்திரத்தில் சீவப்பட வேண்டியவை.

உருகிய உலோகம் மூன்று கட்டங்களில் சுருங்குகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திரவமாகவே சூடு இறங்கும்போது ஒருமுறை, உறையும்போது ஒருமுறை, உறைந்தபின் அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஒருமுறை. கடைசிச் சுருக்கத்துக்கு மட்டுமே, மணலில் அச்சைப் பதிக்கும் மாதிரி உருவான பேட்டர்னைப் பெரிதாகச் செய்வது தீர்வாகும். முதல் இரண்டையும் ஈடுகட்ட ரைசர் என்னும் உலோகத் தேக்கம் வேண்டும். இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் பல மாணவர்கள் ரைசரை வெறும் காற்றுப்போக்கி என்று எழுதிவிடுகிறார்கள்.

பேட்டர்னின் அளவைக் கணக்கிடும்போது வரிசை முக்கியம். சீவுவதற்காக ஒவ்வொரு முகத்துக்கும் 2 மி.மீ. சேர்த்தால் வார்ப்பின் தடிமன் 25 மி.மீ. ஆகும். அதன்பிறகே அலுமினியத்துக்குரிய ஏறத்தாழ 1.3 சதவீதச் சுருக்கத்தைச் சேர்க்க வேண்டும்: நீளமும் அகலமும் 202.6 மி.மீ., தடிமன் 25.3 மி.மீ. சாம்பல்நிற வார்ப்பிரும்பானால் இந்தச் சேர்ப்பு சுமார் 1 சதவீதமாகவும், எஃகானால் சுமார் 2 சதவீதமாகவும் இருக்கும். ஆகவே ஓர் உலோகத்துக்குச் செய்த பேட்டர்னை இன்னொன்றுக்கு எடுத்து வைக்கக் கூடாது. பேட்டர்ன் மணலிலிருந்து உடைக்காமல் வெளிவர, பக்கச் சுவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு பாகைச் சரிவும் தர வேண்டும். சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு வார்ப்பில் இந்தச் சரிவே தேவைப்படுவதில்லை, ஏனெனில் அங்கே மெழுகு உருகி வெளியேறிவிடுகிறது; எத்தனை நுணுக்கமான உருவமும் அம்முறையில் சாத்தியமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அச்சு செய்யப் பயன்படும் பச்சை மணல் என்பது சிலிக்கா மணலோடு பென்டோனைட் களிமண்ணும் சிறிதளவு நீரும் கலந்தது. நீரின் அளவு பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதத்துக்குள் அமையும். கருவி இல்லாத இடத்தில் ஒரு பிடி மணலை இறுகப் பிடித்துப் பார்க்கலாம்: விரல் பதிவுகள் தெளிவாக நிற்க வேண்டும், இரண்டாக உடைத்தால் ஓரம் உதிராமல் இருக்க வேண்டும், உள்ளங்கை ஈரமாகக் கூடாது.

பேட்டர்னின் அகன்ற முகம் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, சுற்றிலும் டிராக் எனப்படும் அடிப்பெட்டியை வைத்து, முதலில் சலித்த மணலையும் பிறகு சாதாரண மணலையும் அடுக்கடுக்காக இட்டு இடிக்க வேண்டும். தளர்வாக இடித்தால் உலோகத்தின் அழுத்தத்தில் சுவர் பிதுங்கும்; அளவுக்கு மீறி இடித்தால் ஆவி வெளியேற வழியின்றி வார்ப்பில் காற்றுக்குமிழ்கள் தங்கும். இந்த நடுநிலையைக் கைதான் கற்க வேண்டும், புத்தகம் கற்றுத்தராது. பெட்டியைப் புரட்டி, இரு பெட்டிகளின் மணலும் ஒட்டாதிருக்க உலர்ந்த பார்ட்டிங் மணலைத் தூவி, கோப் எனப்படும் மேல்பெட்டியைப் பொருத்தி, உலோகத்தை ஊற்றும் செங்குத்து வழியான ஸ்ப்ரூவுக்கும் ரைசருக்கும் உரிய கட்டைகளை நிறுத்தி மறுபடியும் இடிக்க வேண்டும். குழாயிலிருந்து விழும் நீர் கீழே போகப்போக மெலிவதைப் போலவே உலோகமும் மெலிந்து விழுவதால், காற்றை உள்ளிழுக்காதபடி ஸ்ப்ரூவும் கீழ்நோக்கிக் குறுகியிருக்க வேண்டும்.

இனி ரைசரின் அளவு. உறையும் நேரம், கன அளவைப் பரப்பளவால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது சுவோரினோவ் விதி. சீவுமுன் 25 மி.மீ. தடிமனுள்ள நம் தட்டின் கன அளவு 10,00,000 கன மி.மீ., பரப்பு 1,00,000 சதுர மி.மீ.; வகுத்தால் 10 மி.மீ. இதே எடையுள்ள 100 மி.மீ. கனசதுரத்துக்கு அந்த எண் 16.7 ஆகும், ஆகவே அது உறைய ஏறத்தாழ 2.8 மடங்கு நேரம் பிடிக்கும். எடை ஒன்றாயிருந்தும் வடிவம் இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குவதை மாணவர்கள் ஒருமுறையாவது தாங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ரைசர் தட்டுக்குப் பின்பே உறைய வேண்டும் என்பதால், அதன் எண்ணை 1.2 மடங்காக, அதாவது 12 மி.மீ. ஆக வைப்பது வழக்கம். உயரமும் விட்டமும் சமமான உருளைக்கு இந்த எண் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. எனவே விட்டம் 72 மி.மீ. மேல்முகம் எப்படியும் சீவப்படுவதால், ரைசரைத் தட்டின் நடுவிலேயே நிறுத்தலாம். சாம்பல்நிற வார்ப்பிரும்புக்கு இதே கணக்கை அப்படியே பயன்படுத்தக் கூடாது; உறையும்போது கிராஃபைட் பிரிந்து விரிவடைவதால் அதற்குச் சிறிய ரைசரே பெரும்பாலும் போதும்.

ஸ்ப்ரூ, ரைசர் கட்டைகளை உருவி, மேல்பெட்டியைத் தூக்கி, பேட்டர்னை மெல்லத் தட்டி எடுத்து, ஸ்ப்ரூவின் அடியிலிருந்து தட்டின் ஓரம்வரை வாய்க்கால் வெட்டி, உதிர்ந்த மணலை ஊதி அகற்றியபின் பெட்டிகளை மூடிப் பளு ஏற்ற வேண்டும். அலுமினியம் ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகும். 700 முதல் 740 டிகிரிக்குள் ஊற்றலாம். அதற்கு மேல் சூடேற்றினால் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் மிகுதியாகக் கரைந்து, உறையும்போது நுண்துளைகளாக வெளிப்படும். உலோகத்தில் நுழையும் கருவிகள் யாவும் முன்பே சூடாக்கி உலர்த்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு துளி நீரும் நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். முகக்கவசமும் தோல் கையுறையும் இன்றியும், நைலான் உடையோடும் எவரையும் அருகில் விடக் கூடாது.

மேலே மிதக்கும் கசடை ஒதுக்கி, ஸ்ப்ரூ நிரம்பியே இருக்கும்படி இடைவிடாமல் ஊற்ற வேண்டும். நடுவில் நிறுத்தினால் இரு ஓட்டங்களும் ஒட்டாமல் மடிப்பாக நிற்கும். முழுதும் ஆறியபின் மணலை உடைத்து எடுத்து, ரைசரை அறுக்குமுன் அதன் உச்சியைப் பாருங்கள். அங்கே ஆழமான குழி விழுந்திருந்தால் ரைசர் உலோகத்தைத் தட்டுக்குக் கொடுத்திருக்கிறது என்று கொள்ளலாம். உச்சி தட்டையாகவே இருந்து, சீவிய முகத்தில் சொரசொரப்பான பொந்து தெரிந்தால், ரைசர் முந்தி உறைந்துவிட்டது. விட்டத்தைக் கூட்டி அடுத்த மணல் அச்சை இடிக்க வேண்டும்.