முதல் நாயை ஷெல்டர்ல இருந்து எடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டு ஃபார்ம் ஃபில் பண்ணுங்க

முதல் வேலை ஃபார்ம் ஃபில் பண்றது இல்ல, வீட்ல இருக்கறவங்ககிட்ட பேசறது. இதை ஏன் முதல்ல சொல்றேன்னா என்னோட முதல் அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆனதே அதனாலதான். ஃபார்ம்ல "வீட்ல எல்லாருக்கும் சம்மதமா"ன்னு கேட்டிருந்தாங்க, நான் யோசிக்காம ஆமான்னு டிக் அடிச்சுட்டேன், அம்மாகிட்ட நாய் வந்ததுக்கு அப்புறம் சொல்லி சமாளிச்சுக்கலாம்னு ஒரு கணக்கு. ஹோம் விசிட்டுக்கு, அதாவது நாய் வளக்க வீடு ஒத்து வருமான்னு பாக்க, ஷெல்டர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, அம்மா காபி குடுத்துட்டே "நாயா? எந்த நாய்?"னு கேட்டாங்க பாருங்க, அதோட முடிஞ்சுது. அந்தப் பொண்ணு ஒண்ணும் திட்டல, சிரிச்சுட்டுதான் போச்சு, ஆனா சாயங்காலமே "இப்போதைக்கு வேண்டாம்"னு மெசேஜ் வந்துடுச்சு. ரெண்டு நாள் கோவமாதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சா அவங்க பண்ணதுதான் சரி.

வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்டயும் பேசணும். வாய்ல "வச்சுக்கோம்மா"ன்னு சொன்னது பத்தாது, வாட்ஸ்அப்லயாவது ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க, நிறைய ஷெல்டர்ல அதைக் கேப்பாங்க. அபார்ட்மென்ட் செக்ரட்டரி "இங்க நாய் அலோவ்டு இல்ல"ன்னு சொன்னா பயப்பட வேண்டாம், விலங்குகள் நல வாரியம் 2015ல குடுத்த வழிகாட்டுதல்லயே அசோசியேஷன் மெஜாரிட்டி ஓட்டு போட்டாக்கூட வளர்ப்பு நாயைத் தடை பண்ண முடியாதுன்னு இருக்கு. ஆனா ஹவுஸ் ஓனர் சமாச்சாரம் வேற, அக்ரிமென்ட்ல நாய் கூடாதுன்னு போட்டிருந்தா நாளைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லும்போது நாயும் சேர்ந்து தெருவுக்கு வரும். ஷெல்டர்காரங்க அந்தக் கதையை நிறைய பாத்திருப்பாங்க.

எங்க தேடறதுன்னா, சென்னைல எல்லாருக்கும் தெரிஞ்சது ப்ளூ கிராஸ், 1959ல கேப்டன் சுந்தரம் ஆரம்பிச்சது, கிண்டில இருக்கு. அது இல்லாம சின்னச் சின்னதா நிறைய ரெஸ்க்யூ க்ரூப் இருக்கு, தனி ஆளா வீட்டுலயே நாலு நாயை ஃபாஸ்டர் பண்றவங்களும், அதாவது வேற வீடு கிடைக்கற வரைக்கும் வச்சுப் பாத்துக்கறவங்களும் இருக்காங்க. முதல் தடவை நாய் வளக்கறவங்களுக்கு நான் ஃபாஸ்டர் வீட்ல இருக்கற நாயைத்தான் சொல்வேன். ஷெல்டர்ல நூறு நாய்க்கு நடுவுல பயந்து குலைக்கிற நாய் ஒரு வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்னு சொல்றது கஷ்டம், ஃபாஸ்டர் பண்றவங்களுக்கு அது மிக்ஸி சத்தத்துக்கு பயப்படுமா, செருப்பு கடிக்குமா, குழந்தைங்களோட எப்படின்னு எல்லாம் தெரியும். ஒரு எச்சரிக்கை, நாயைப் பாக்கறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்கன்னு சொன்னா அது அடாப்ஷன் இல்ல, வியாபாரம்.

குட்டியா பெரிய நாயான்னு கேட்டா, எல்லாரும் குட்டிதான் கேக்கறாங்க, நானும் கேட்டேன். ஆனா குட்டின்னா ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்துக்கணும், வீடு முழுக்க ஒண்ணுக்கு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, அது முடியறதுக்குள்ள பார்வோ, குட்டிங்க உயிரையே எடுக்கற வைரஸ் நோய், வந்துடுமோன்னு பயம் வேற. ரெண்டு மூணு வயசு நாய்னா குணம் இதுதான்னு தெரிஞ்சிடும், முக்கால்வாசி கருத்தடையும் ஆயிருக்கும். காது நுனில சின்னதா வெட்டு இருந்தா அடிபட்டதுன்னு நினைக்காதீங்க, ஆபரேஷன் பண்ணதுக்கான அடையாளம் அது. இன்னொண்ணு, ஹஸ்கி மாதிரி பனி ஊர் நாய் இருக்கான்னு கேட்டு அப்ளிகேஷன் போடாதீங்க ப்ளீஸ், சென்னை மே மாசத்துல நமக்கே மூச்சு முட்டுது. நம்ம தெரு நாய்க்கு முடி கம்மி, இந்த வெயில் பழகின உடம்பு.

இப்ப ஃபார்ம். கேள்வியெல்லாம் நீளமா இருக்கும், ஆனா அவங்க தெரிஞ்சுக்க நினைக்கறது நாயோட ஒரு நாள் உங்க வீட்ல எப்படிப் போகும், நீங்க இல்லாத நாள் எப்படிப் போகும், அவ்வளவுதான். அதனால நல்ல பேர் வாங்கற பதில் எழுதாதீங்க, நடக்கறதை எழுதுங்க. "எத்தனை மணி நேரம் தனியா இருக்கும்?"னு கேட்டா "எப்பவும் யாராவது இருப்போம்"னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டாவது தடவை நான் எழுதினது இது: வாரத்துல மூணு நாள் ஆபீஸ், காலைல எட்டரைக்குக் கிளம்பினா ராத்திரி ஏழு, அம்மா இருப்பாங்க ஆனா முட்டி வலி, வாக்கிங் கூட்டிட்டுப் போக முடியாது, காலைல ஆறு மணிக்கு நான் போவேன், ராத்திரி வந்து நான் போவேன், நடுவுல மொட்டை மாடி. எழுதும்போதே இதைப் படிச்சா எவன் நாய் குடுப்பான்னு தோணுச்சு. குடுத்தாங்க.

"ஊருக்குப் போனா யாரு பாத்துப்பாங்க"ங்கறதுல நிறைய பேர் மாட்டுவாங்க. பொங்கலுக்கு ஊர், சித்தப்பா பொண்ணு கல்யாணம், திடீர்னு ஒரு துக்கம், இதெல்லாம் நமக்கு வருஷத்துல எத்தனை தடவை வரும், அப்ப நாயைக் கூட்டிட்டுப் போவீங்களா, போர்டிங்ல விடுவீங்களா, இல்ல பக்கத்து வீட்டு அக்கா பாத்துப்பாங்களா? அக்கான்னா அவங்ககிட்ட முன்னாடியே கேட்டுட்டு எழுதுங்க. "எங்க தூங்கும்?"னு கேட்டா போர்ட்டிகோல கட்டிப் போடுவேன், ராத்திரி காவலுக்குன்னு எழுதினீங்கன்னா அங்கேயே முடிஞ்சுது. வீட்ல அசைவம் கிடையாதுன்னா அதையும் சொல்லிடுங்க, தப்பில்ல, முட்டை வாங்குவீங்களா, கடைல விக்கற டாக் ஃபுட் போடுவீங்களான்னு கேப்பாங்க, வெறும் தயிர்சாதத்துலயே வளக்க முடியாது.

என்கிட்ட இன்னொண்ணும் கேட்டாங்க, "கல்யாணம் ஆச்சுன்னா நாயை என்ன பண்ணுவீங்க?" எரிச்சலாதான் இருந்துச்சு, என் ஃப்ரெண்ட் ஒருத்தனும் அதே மாசம்தான் அப்ளை பண்ணான், அவன்கிட்ட அதைக் கேக்கவே இல்ல. ஆனா கேப்பாங்க, தயாரா இருங்க. எனக்கு அம்மாவே பதில் சொல்லிட்டாங்க, "அவ போனா போறா, நாய் இங்கதான் இருக்கும்"னு. இந்த அம்மாதான் ஆறு மாசம் முன்னாடி எந்த நாய்னு கேட்டவங்க.

பேப்பர்னு பாத்தா ஆதார், அட்ரஸ் ப்ரூஃப், போட்டோ, பெருசா ஒண்ணும் இல்ல. கையெழுத்து போடற பாண்டை மட்டும் முழுசா படிங்க. கருத்தடை பண்ணணும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, முடியலைன்னா எங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும்னு இருக்கும். அந்தக் கடைசி வரி உங்களுக்கும் நல்லதுதான், நிஜமாவே ஒத்து வரலைன்னா போன் பண்ணிடுங்க, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ரோட்ல விட்டா 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல அது குற்றம்.

ஹோம் விசிட்ல வீடு சுத்தமா இருக்கான்னு பாக்க மாட்டாங்க, பால்கனி கம்பி இடைவெளியைப் பாப்பாங்க, கேட்டுக்கு அடில தலை நுழையுமான்னு பாப்பாங்க. முன்னாடியே வலை அடிச்சுடுங்க.

நாயைப் பாக்கப் போனா வீட்ல எல்லாரும் போங்க, முடிஞ்சா ரெண்டு தடவை. போன உடனே தலைல கை வைக்காதீங்க, பக்கவாட்டுல உக்காந்துட்டு சும்மா இருங்க, அதுவா வரட்டும். சாப்பிடும்போது கிட்ட போனா உறுமுமா, பூனையைப் பாத்தா துரத்துமா, முன்னாடி யாராவது எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்தாங்களா, ஏன் குடுத்தாங்கன்னு கேளுங்க. ஊசி புத்தகத்தைக் கையோட வாங்கிக்கோங்க, ரேபிஸ் ஊசி தேதி, பூச்சி மாத்திரை, டிக் ஃபீவர் (உண்ணிக் காய்ச்சல்) வந்திருந்தா அதோட ரிப்போர்ட். நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம், சோர்ந்து படுத்து சாப்பிடாம இருந்தா வெயில்னு விட்டுடாதீங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. தனியார் வெட் கட்டுப்படியாகலைன்னா வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, கூட்டம் இருக்கும், காலைலயே போயிடுங்க.

கூட்டிட்டு வர்ற அன்னிக்கு கழுத்துப் பட்டை மட்டும் போட்டு ஆட்டோல ஏத்தாதீங்க, பயந்து பின்னாடி இழுத்தா தலை உருவிட்டு ஓடிடும், நெஞ்சைச் சுத்திப் போடற ஹார்னஸ் போடுங்க. தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் கூட்டிட்டு வராதீங்க. வந்த அன்னிக்கே குளிப்பாட்டறது, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டறது எல்லாம் வேண்டாம். ரெஸ்க்யூ ஆளுங்க மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, முதல் மூணு நாள் பயம், மூணு வாரத்துல வீட்டு டைம் பழகும், மூணு மாசத்துலதான் இது நம்ம வீடுன்னு தோணும். எங்களுது ரெண்டு நாள் கட்டிலுக்கு அடில இருந்து வரவே இல்ல, சாப்பிடவும் இல்ல, மூணாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு நாங்க லைட் அணைச்சதுக்கு அப்புறம் தட்டு நகர்ற சத்தம் கேட்டுச்சு. சாப்பாட்டுல வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு நாலும் கூடாது, மிச்ச சாம்பார் ஊத்தறதும் அதனாலதான் வேண்டாம்ங்கறது.

நாய் வளக்கறதுக்கான கார்ப்பரேஷன் லைசென்ஸ் மறந்துடாதீங்க, ஆன்லைன்லயே போடலாம், ரேபிஸ் ஊசி சர்ட்டிஃபிகேட் வேணும், இப்ப நாயோட தோலுக்கு அடில வைக்கற அடையாள மைக்ரோசிப்பும் கேக்கறாங்க.

குடுத்தவங்க வாராவாரம் போட்டோ அனுப்பச் சொல்வாங்க, சலிச்சுக்காம அனுப்புங்க. முதல் மாசம் நான் அனுப்பின நாலு போட்டோலயும் கட்டிலுக்கு அடில ரெண்டு கண்ணு மட்டும்தான் தெரியும், அதுக்கும் அந்தப் பொண்ணு "அய்யோ அக்கா, வெயிட் போட்டிருக்கா"ன்னு ரிப்ளை பண்ணும்.