சான் ஹுவானில் ஒரு நீண்ட வார இறுதி: திட்டமிடும்போதே செய்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் நீண்ட வார இறுதி வருகிறது என்றாலே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போர்ட்டோ ரிக்கோ பேச்சு கிளம்பிவிடும். கரீபியக் கடல், பழைய ஸ்பானியக் கோட்டைகள், டிசம்பரிலும் வெயில். இத்தனையும் இருந்தும், அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட தீவு என்பதால் உள்நாட்டு விமானம்தான். விசா ஸ்டாம்பிங்கைப் பற்றி, அதாவது திரும்பி வர பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வாங்குவதைப் பற்றி, யோசிக்க வேண்டியதில்லை என்பதால் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது ரொம்பவே வசதி.

குழுவில் சுற்றும் திட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வெள்ளி இரவு தலைநகர் சான் ஹுவானில் இறங்குவது. சனி பகலில் எல் யுங்கே மழைக்காடு, இரவில் ஃபஹார்தோவின் ஒளிரும் உப்பங்கழி. ஞாயிறன்று படகேறிக் குலேப்ரா தீவு. திங்கள் காலை பழைய நகரத்தில் இரண்டு மணி நேரம், கோட்டை முன்னால் ஒரு போட்டோ, அப்படியே விமான நிலையம்.

பெரிய தவறு இதுதான். மூன்று இரவு தங்கினாலும் முழுசாகக் கையில் கிடைப்பது இரண்டு பகல். அதில் பாதியைச் சாலையிலும் படகுத்துறை வரிசையிலும் கழித்துவிட்டு, 1521-இல் இன்றைய இடத்துக்கு வந்து ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்ட துறைமுக நகரத்துக்கு மிச்சம் மீதி நேரத்தைக் கொடுக்கிறோம். தீவு எங்கும் போய்விடாது, இன்னொரு முறை வரலாம். முதல் முறை போகிறவர்கள் நகரத்துக்கு ஒன்றரை நாளாவது ஒதுக்குங்கள். வெளியே ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காடா, தீவா, ஒளிரும் தண்ணீரா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, நகரத்துக்குள் வருவோம். அங்கே பலரும் எல் மோரோ கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு, 'கோட்டை பார்த்தாச்சு' என்று கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது கோட்டையான சான் கிறிஸ்தோபால் ஏன் கட்டப்பட்டது என்று தெரிந்தால் அப்படி விடமாட்டார்கள். எல் மோரோ கடலைப் பார்த்து நிற்கிற கோட்டை. 1539-இல் வேலை தொடங்கியது. துறைமுகத்துக்குள் நுழைய ஒரே ஒரு வாய்தான் உண்டு, அந்த வாய்க்கு மேலே பாறையில் உட்கார்ந்திருக்கிறது. 1595-இல் பிரான்சிஸ் டிரேக் கப்பல்களோடு வந்தார், பீரங்கிகளிடம் அடி வாங்கித் திரும்பினார். மூன்றே வருடத்தில், 1598-இல், இன்னொரு ஆங்கிலேயரான கம்பர்லாந்து பிரபு அந்த வாய்ப் பக்கமே போகாமல் கிழக்கே கரையிறங்கி, நிலத்தின் வழியாக நடந்து வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார். அவரை விரட்டியது ஸ்பானியர்கள் அல்ல, அவருடைய படையில் பரவிய வயிற்றுக்கடுப்பு. 1625-இல் டச்சுக்காரர்கள் வந்து ஊரையே கொளுத்தினார்கள், ஆனால் எல் மோரோ அவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நிலத்தைப் பார்த்து நிற்கும் சான் கிறிஸ்தோபால் அப்படி எழுந்தது. அகழி, அதற்கு முன்னால் ஒரு மதில், அதற்கும் முன்னால் இன்னொரு அரண் என்று படிப்படியாக எதிரியைச் சோர வைக்கிற கட்டுமானம். அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பெயின் கட்டியதிலேயே பெரிய கோட்டை இது. இரண்டையும் பார்த்தால்தான் கதை முழுசாகப் புரியும்.

இரண்டுக்கும் சேர்த்தே ஒரு டிக்கெட்தான். பெரியவர்களுக்கு 10 டாலர், 24 மணி நேரம் செல்லும், 15 வயது வரை இலவசம். தேசியப் பூங்காக்களின் வருடாந்திர பாஸ் வைத்திருந்தால் அதுவே போதும். வெளிச்சம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். அதனால் 'மாலையில் சூரிய அஸ்தமனத்தைக் கோட்டைக்குள்ளிருந்து பார்ப்போம்' என்று போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். நேரத்தை முந்தின நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் எல் மோரோவுக்கு நடப்பது அடுத்த தவறு. தெரு முடிகிற இடத்திலிருந்து கோட்டை வாசல் வரை பெரிய புல்வெளி, ஒதுங்க நிழல் கிடையாது. சான் ஹுவான் கிட்டத்தட்ட மும்பையின் அட்சரேகையில் இருக்கிற ஊர். கடற்காற்று வீசிக்கொண்டே இருப்பதால் தோல் காய்வது தெரியாது, ராத்திரிதான் எரியும். காலையில் திறந்ததும் சான் கிறிஸ்தோபால், மதியம் சாப்பாடும் நிழலும், மூன்று மணிக்கு மேல் எல் மோரோ என்று வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும், கண்ணும் கூசாது. கோட்டை மூடியதும் அந்தப் புல்வெளியிலேயே உட்காருங்கள். வார இறுதி மாலைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் பட்டம் விட வருவார்கள். பட்டத்துக்கு அங்கே சிரிங்கா என்று பெயர். கடலிலிருந்து வருகிற காற்றுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. அப்பா கையை உயர்த்தி விட்டதும் பட்டம் தானே ஏறும், சின்னப் பிள்ளை நூல் சுற்றிய குச்சியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கும். என் மூன்று நாளில் நான் மறக்காத காட்சி அதுதான். அதற்கு டிக்கெட்டும் இல்லை, முன்பதிவும் இல்லை.

காலில் என்ன போடுகிறோம் என்பதும் முக்கியம். பழைய நகரத்தின் தெருக்களில் பாவியிருக்கும் நீலம் கலந்த சாம்பல் நிறக் கற்களை அதோக்கினெஸ் என்கிறார்கள். இரும்பு உலையின் கசடை வார்த்துச் செய்தவை. தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஐந்து நிமிட மழை விழுந்தால் போதும், சரிவான சந்தில் கால் நிற்காது. ரப்பர் செருப்பைக் கடற்கரைக்கு வைத்துக்கொண்டு, இங்கே பிடிப்பு உள்ள ஷூவில் நடங்கள்.

மதிலுக்கு வெளியே, தண்ணீர் ஓரமாக ஒரு நடைபாதை எல் மோரோவின் அடிவாரம் வரை போகிறது. சிவப்பு வண்ணம் பூசிய சான் ஹுவான் வாசலிலிருந்து அதில் இறங்கலாம். முன்பு கப்பலில் வந்த ஆளுநர்கள் அந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்து நேராகப் பேராலயத்துக்குப் போவார்கள். மதிலின் உயரம் கீழிருந்து பார்த்தால்தான் தெரியும், அவசியம் நடக்க வேண்டிய வழி. ஆனால் இதைக் கோட்டைக்குப் போகும் குறுக்குவழி என்று நினைத்துவிடாதீர்கள். முனையில் மேலே ஏற வழி இல்லை. போன வழியே திரும்பி, ஊரைச் சுற்றித்தான் கோட்டை வாசலுக்கு வர வேண்டும். குழந்தை வண்டியோடு வெயிலில் வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

துறைமுக ஊருக்கு வந்தும் தண்ணீரில் கால் வைக்காமல் போகிறவர்களும் நிறைய. நூறு டாலர் கொடுத்து உல்லாசப் படகு எடுக்கத் தேவையில்லை. வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் கத்தான்யோ படகு, பழைய நகரத்துத் துறையிலிருந்து ஒரு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் விரிகுடாவின் அக்கரைக்குக் கொண்டுபோய் விடும். பின்பக்கம் நின்றுகொள்ளுங்கள். மதிலும் அதற்கு மேலே மஞ்சளும் இளஞ்சிவப்புமாக அடுக்கிய வீடுகளும் மெல்ல விலகி, ஊர் முழுக்க ஒரே பார்வைக்குள் வரும். கப்பலில் வந்தவன் கண்ணுக்கு இந்த ஊர் எப்படித் தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

பயணக் கப்பல்கள் பழைய நகரத்தின் காலடியிலேயே வந்து நிற்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று பெரிய கப்பல்கள் வந்தால் குறுகலான தெருக்களில் தோள் இடிக்கும். கப்பல் வரும் அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. கூட்டம் குறைந்த நாளைப் பார்த்துக் கோட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல ஜனவரியில் வரும் மார்ட்டின் லூதர் கிங் நினைவு வார இறுதியை ஒட்டித்தான் சான் செபஸ்தியான் தெருத் திருவிழா வழக்கமாக வருகிறது. திருவிழா பார்க்கவே போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல சமயம் இல்லை. அமைதியாக ஊர் பார்க்க நினைத்தால் அதைவிட மோசமான சமயமும் இல்லை.

வாடகைக் காரை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவதும் பலரும் செய்கிற தவறு. நகரத்தில் இருக்கும் நாட்களில் அது சுமைதான். பழைய நகரத்தில் நிறுத்த இடம் தேடியே அரைமணி போகும். டாக்சிக்குப் பகுதிவாரியாக நிர்ணயித்த கட்டணம் உண்டு, உபரும் ஓடுகிறது. வெளியே போகிற ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுத்தால் போதும். எடுத்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தூரப் பலகைகள் கிலோமீட்டரில், பெட்ரோல் லிட்டரில், வேக வரம்பு மட்டும் மைலில். இந்தியாவில் ஓட்டிப் பழகிய கை தடுமாறுகிற இடம் அது. இன்னொன்று, வரைபடத்தில் மெட்ரோ ரயில் இருக்கிறதே என்று நம்பி அறை போடாதீர்கள். அந்த ரயில் விமான நிலையத்துக்கும் போகாது, பழைய நகரத்துக்கும் போகாது.

அறை விஷயத்தில் திரையில் முதலில் தெரிகிற விலையை நம்பக் கூடாது. சாதாரண ஓட்டலில் அறை வரி 9 சதவீதம், காசினோ உள்ள ஓட்டல் என்றால் 11. அதற்கு மேல் பல இடங்களில் ரிசார்ட் கட்டணம் வேறு. ஆனால் விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, பலரும் கேட்பதே இல்லை: ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறதா? 2017 செப்டம்பரில் மரியா புயல் மின்கட்டமைப்பை நொறுக்கிப் போட்டது. அதன் பிறகு அது முழுசாக எழுந்திருக்கவில்லை. 2025 ஏப்ரல் 16 அன்று, ஈஸ்டர் விடுமுறைக் கூட்டத்தின் நடுவே, தீவு முழுக்க மின்சாரம் போனது. அங்குள்ளவர்கள் வீடு பார்க்கும்போதே 'பிளாண்டா இருக்கிறதா, சிஸ்தெர்னா இருக்கிறதா' என்றுதான் கேட்பார்கள். முதலாவது ஜெனரேட்டர், இரண்டாவது தண்ணீர்த் தொட்டி. நீங்களும் அதே இரண்டு சொல்லைப் போட்டு வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்புங்கள். நாம் மூன்று நாளில் திரும்பிவிடுவோம், அவர்கள் வருடம் முழுக்க இதோடு வாழ்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. கொண்டாடோ கடற்கரை பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கே வலுவானது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலை வரும்போது இன்னும் மோசம். நீந்தத் தெரிந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்குக்கூட இறங்காதீர்கள். குடும்பத்தோடு குளிக்க பழைய நகரத்துக்குக் கிழக்கே எஸ்காம்ப்ரோன் இருக்கிறது, பாறைத்திட்டு அலையைத் தடுக்கும். 'பால்னெயாரியோ' என்று பலகை இருக்கும் இடங்கள் அரசு பராமரிக்கும் பொதுக் கடற்கரைகள். அவற்றையே தேடிப் போங்கள். இழுத்துவிட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதை விமானத்திலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'பீன்ஸும் சோறும்தானே' என்று நம்பி வாங்கினால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். வாழைக்காயை வறுத்துப் பூண்டோடு இடிக்கும் மொஃபோங்கோவிலும் பொரித்த பன்றித் தோலைச் சேர்த்து இடிப்பது வழக்கம். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. ஹாம் வேண்டாம், கோழி வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மனசுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. அவர்கள் கொண்டாடும் அரோஸ் கோன் கந்தூலெஸ் சோற்றில் வருகிற கந்தூலெஸ் வேறு ஒன்றுமில்லை, நம் துவரைதான். கிறிஸ்துமஸ் சாப்பாடே அது இல்லாமல் நடக்காது. இறைச்சி போடாமல் சமைத்துத் தருகிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் 'புவெனோஸ் தியாஸ்' என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும் வீட்டு மொழி ஸ்பானிஷ், முகமன் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

வெளியே போகும் அந்த ஒரு நாளைப் பற்றிச் சுருக்கமாக. ஒளிரும் உப்பங்கழியைத் தேர்ந்தெடுத்தால் முதலில் நிலாவைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அசைவு பட்டால் நீலமாக மின்னும். பௌர்ணமி வெளிச்சத்தில் அது மங்கிப்போய்ச் சரியாகத் தெரியாது. அமாவாசையை ஒட்டிய நாள்தான் சரி. குலேப்ரா என்றால், படகு சான் ஹுவானிலிருந்து கிளம்புவதில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காரில் போக வேண்டிய சேய்பாவிலிருந்துதான் கிளம்பும். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட. நீண்ட வார இறுதியில் அன்று போய் அன்றே டிக்கெட் வாங்கலாம் என்று நம்பாதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கிற பயணக் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது, எடுப்பதென்றால் விமான டிக்கெட்டோடு சேர்த்தே எடுங்கள்.

உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 பதிவு, எச்1பி ஒப்புதல் தாள் அல்லது மாணவர்களுக்கான ஐ-20, கிரீன் கார்டு என்று எது பொருந்துமோ அதைக் கையிலேயே வைத்திருங்கள். திரும்பும்போது அதிகாரிகள் கேட்கலாம். அங்கே போன பிறகு, 'பக்கத்தில்தானே' என்று பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளுக்கு ஒரு நடை போய்வர யாராவது கூப்பிட்டால் நில்லுங்கள். அங்கே கால் வைத்தால் அமெரிக்காவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்பி வருவது பெரிய சிக்கல்.

திரும்பும் நாளில் விமான நிலையத்தில் பைகளை விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்பே வேளாண்துறையின் ஸ்கேனர் வரிசை ஒன்று உண்டு. திங்கள் மாலை அது நீளமாக இருக்கும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். சாலையோரம் வாங்கிய மாம்பழத்தை அங்கே எடுத்துக்கொள்வார்கள். அதைக் காலையிலேயே அறையில் நறுக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.