ஆடியோ சிஸ்டத்துக்குத் தனி மின் லைன்: தொடக்கத்திலிருந்து இறுதி சோதனை வரை

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு சன்னமாக ஒரு ‘ம்ம்ம்’ இரைச்சலும் எப்போதும் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று நினைத்து அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. வயரிங்கைச் சரிசெய்த பிறகுதான் இரண்டும் அடங்கின. நான் செய்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. திட்டமிடுவது, சோதித்துக் கேட்பது எல்லாம் நீங்கள் செய்யலாம். டிபி பாக்ஸுக்குள் (வீட்டின் எல்லா லைன்களும் பிரிந்து போகும் மின் பெட்டி) கை வைக்கும் வேலையை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு முந்தைய முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

படி 1: இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

வயர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வையுங்கள். பிறகு ஆம்ப்பை அணைத்து, அதில் செருகியிருக்கும் ஒயர்களில் ஒன்றைக் கழற்றி, மறுபடி போட்டுக் கேளுங்கள். இப்படியே ஒவ்வொன்றாக. டிவிக்கு வரும் கேபிள் அல்லது ஆன்டெனா ஒயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், அது எர்த் லூப். இரண்டு வெவ்வேறு வழிகளில் எர்த் வந்து சேர்வதால், அவற்றுக்கு இடையே சிறு மின்னோட்டம் சுற்றுகிறது. அதுவே 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கிறது. அந்தக் கேபிளில் ஒரு ஐசொலேட்டர் (சிக்னலை மட்டும் விட்டு, எர்த் இணைப்பைப் பிரிக்கும் சிறு கருவி) போட்டாலே போதும், சுவரை உடைக்க வேண்டியதில்லை.

எல்லா ஒயரையும் கழற்றியும் இரைச்சல் நிற்கவில்லையா? ஆம்ப்பை வேறு அறையில் உள்ள பாயிண்டில் போட்டுப் பாருங்கள். விளக்கின் டிம்மர், மலிவான சார்ஜர், எல்இடி டிரைவர் (எல்இடி விளக்குக்கு மின்சாரம் தரும் சிறு பெட்டி) இவற்றை ஒவ்வொன்றாக அணைத்தும் பாருங்கள்.

படி 2: லைனைத் திட்டமிடுதல்

டிபி பாக்ஸிலிருந்து ஆடியோ இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு லைன். நடுவில் வேறு எந்தப் பாயிண்டும் அதிலிருந்து பிரியக் கூடாது. ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அந்த லைனுக்கென்றே தனியாக வர வேண்டும். நியூட்ரலை மட்டும் பக்கத்து லைனோடு சேர்த்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதை அனுமதிக்காதீர்கள். நியூட்ரலில் அளவுக்கு மீறிச் சுமை ஏறலாம், ஆர்சிடியும் (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) காரணமில்லாமல் விழும்.

வயர் எவ்வளவு தடிமன்? பொதுவாக 2.5 சதுர மி.மீ செம்பு வயர் போதும். கணக்கைப் பாருங்கள்: அந்த வயருக்கு மீட்டருக்குச் சுமார் 7.4 மில்லி ஓம் தடை. டிபி 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 40 மீட்டர், மொத்தம் ஏறத்தாழ 0.3 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் குறையும். 230 வோல்ட்டில் அது 1 சதவீதம்கூட இல்லை. 4 சதுர மி.மீ போட்டால் இழப்பு 0.9 வோல்ட் ஆகும். அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. தூரம் மிக அதிகமாக இருந்தாலோ, உங்கள் பகுதியில் 120 வோல்ட் இணைப்பு என்றாலோ தடிமனான வயர் நியாயம். ‘ஆடியோவுக்கென்றே தயாரித்த’ மின் வயர் என்று விலை அதிகமாகச் சொன்னால், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனி வழியும் இறுக்கமான இணைப்பும்தான் பலன் தரும்.

எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வயருக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். 2.5க்கு 16 ஆம்பியர் வழக்கம், உங்கள் பகுதி விதி என்ன சொல்கிறதோ அதன்படி. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் ஆன் செய்யும் நொடியில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். பி வகை எம்சிபி அதில் குறித்த ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே உடனடியாக விழுந்துவிடும், சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும். ஆகவே சி வகை பொருத்தமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று பெரிய ஆம்பியர் எம்சிபி மட்டும் மாற்றிவிடாதீர்கள். வயர் சூடாகிக் கருகும்வரை அது விழாது.

வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால், ஆடியோ கருவிகள் எல்லாம் ஒரே ஃபேஸில் வரட்டும். ஃப்ரிட்ஜும் ஏசியும் முடிந்தால் வேறு ஃபேஸில்.

படி 3: எர்த்

இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஒரு வயர் அறுந்து பெட்டியைத் தொட்டால், அந்த உலோகப் பெட்டி முழுக்க ஷாக் அடிக்கும். உங்கள் குழந்தை வால்யூம் குமிழைத் தொடும் இடம் அது.

ஆடியோவுக்கு மட்டும் மண்ணில் தனியாக ஒரு எர்த் கம்பி அடிப்பதும் தவறு. வீட்டின் மற்ற எர்த்தோடு இணையாமல் அது தனியே நின்றால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு வரும், அது உங்கள் கருவிகள் வழியாகவே பாயும். எர்த் எல்லாம் டிபியில் ஒரே இடத்தில் சேரட்டும். ஆம்ப், பிளேயர், டிவி எல்லாவற்றையும் அடுத்தடுத்த பாயிண்டுகளில் செருகினால் எர்த் லூப்புக்கு இடம் குறையும். அதற்காகவே நான்கு பாயிண்டாவது போடச் சொல்லுங்கள்.

படி 4: வயர் இழுத்தல்

மின் வயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே பைப்பில் போகக் கூடாது. பக்கத்தில் போக வேண்டியிருந்தால் 30 செ.மீ இடைவெளி விடுங்கள், குறுக்கே போனால் செங்குத்தாகக் கடக்கட்டும். பல மெல்லிய கம்பிகளைச் சேர்த்த பிரிகளான வயர் என்றால், அவை பிரியாமல் பிடிக்கும் லக் அல்லது ஃபெரூல் என்ற உலோக முனையைப் போடச் சொல்லுங்கள்.

படி 5: சோதனை

முதலில் கருவிகள் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். இன்சுலேஷன் சோதிக்கும் மெகர் என்ற கருவி 500 வோல்ட் வரை செலுத்தும், ஆம்ப் செருகியிருந்தால் கெட்டுவிடும். அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே வரக் கூடாது. எர்த் தொடர்ச்சி (எர்த் வயர் எங்கும் அறுபடாமல் டிபி வரை போவது), ஃபேஸ்–நியூட்ரல் இடம் மாறவில்லை என்பது, ஆர்சிடி பட்டன் அழுத்தினால் விழுவது, மூன்றையும் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் கருவிகளைச் செருகி, படி 1இல் செய்தது போலவே அதே வால்யூமில் பாட்டில்லாமல் கேளுங்கள். ஃப்ரிட்ஜின் ‘டப்’ முழுவதும் போகாமல் மெலிதாக மிஞ்சலாம். டிபியில் எல்லா லைனும் சேர்வதால் அது இயல்புதான். அப்படி மிஞ்சினால் ஆம்ப் பக்கத்தில் ஒரு மெயின்ஸ் ஃபில்டர் (மின் லைனில் வரும் இரைச்சலைக் குறைக்கும் கருவி) வைத்துப் பார்க்கலாம்.