டம்ளரில் போகும் சீனியை அளந்து குறைப்பது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் யாரைக் கேட்டாலும் "கூல்டிரிங்க்ஸா? தொடவே மாட்டேன்" என்பார்கள். சரிதான். ஆனால் எழுந்ததும் ஒரு டிகிரி காபி, டிபனுக்குப் பின் ஒன்று, பதினோரு மணி டீ, நாலு மணி டீ, யாராவது வந்தால் அவரோடு ஒன்று. கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சீனி ஏறக்குறைய 4 கிராம். நாம் அள்ளுவது கோபுரம் கட்டிய ஸ்பூன். அதில் 6 கிராமுக்கு மேலேயே ஏறும். அப்படி இரண்டு ஸ்பூன், ஐந்து டம்ளர் என்றால் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராமுக்குள். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. சேர்க்கும் சீனி, வெல்லம், தேன், பழச்சாறு எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க ஒரு சுலபமான வழி. காபி, டீக்கு மட்டும் தனி டப்பாவில் ஒரு கிலோ சீனியைக் கொட்டி, மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் அது ஆறே நாளில் தீர்ந்தால், 1000-ஐ 24-ஆல் வகுங்கள்: தலைக்கு நாளுக்கு சுமார் 42 கிராம். பலகாரமும் பாயசமும் இதில் சேரவில்லை.

குடிக்கும் இனிப்பு ஏன் கூடுதல் கெடுதல்? கடித்துச் சாப்பிடும் பழத்தில் நார் இருக்கிறது, மெதுவாகச் சேரும். டம்ளரில் இருப்பது வயிற்றில் தங்காமல் குடலுக்கு இறங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையை உச்சத்துக்குத் தூக்கிவிடும். பசியும் அடங்காது, அதனால் சோறும் குறையாது. சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல். மிஞ்சினால் அதைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'டிரைகிளிசரைடு' 150-ஐத் தாண்டி நிற்பதற்கு இது ஒரு காரணம். தொப்பை, கொழுப்புக் கல்லீரல், ரத்த அழுத்தம் என்று வரிசையாக வந்து இதயத்தில்தான் முடியும். நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று பலர் மனதார நம்புகிறார்கள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். சுகர் ஏறத்தான் செய்யும்.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே பழைய ஸ்பூனுக்குத் திரும்பிவிடுவீர்கள். முதல் வாரம் கோபுரத்தை மட்டும் தட்டுங்கள். பிறகு வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். பாலைத் தண்ணீர் கலக்காமல் காய்ச்சி, டிகாக்‌ஷனைப் புதிதாக இறக்கினால் கசப்பு உறுத்தாது. காலையில் இறக்கியதை மாலையில் மறுபடி சூடாக்கினால் கசப்பு ஏறும், கை தானாகச் சீனி டப்பாவுக்குப் போகும். கடையில் "சீனி கம்மியா" என்றால் மாஸ்டர் கைக்கணக்கில் போடுவார். "வித்தவுட்" கேட்டு, அரை ஸ்பூன் நீங்களே போட்டுக்கொள்வது நல்லது.

கத்திரி வெயிலில் பெரிய ஆபத்து கரும்புச்சாறு: 250 மில்லியில் 30 கிராமுக்கு மேலேயே சர்க்கரை இருக்கும். ஐஸ் போட்டால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். ரோஸ்மில்க்கும் நன்னாரி சர்பத்தும் கெடுவது பாகால். நன்னாரி வேரைக் கழுவித் தட்டி, நடுவிலுள்ள நரம்பை எடுத்துவிட்டு, பானைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மணம் முழுவதும் வரும், சீனி இல்லை. நடவு வேலைக்குத் தூக்குவாளியில் நீர்மோர் கொண்டுபோகலாம்: ஒரு பங்கு தயிர், நாலு பங்கு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். லிட்டருக்கு அரை ஸ்பூன் உப்புக்கு மேல் வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள் அதையும் பாதியாக்குங்கள். இளநீரிலும் கொஞ்சம் சர்க்கரை உண்டு, நாளுக்கு ஒன்று போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அதிலுள்ள பொட்டாசியம் கருதி, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பாட்டில் வாங்கினால் லேபிளில் சர்க்கரை அளவு 100 மில்லிக்கா, முழு பாட்டிலுக்கா என்று பாருங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்றால் 300 மில்லி பாட்டிலில் 30 கிராம்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் குடிக்கும் முன், ஒரு மணி கழித்து, இரண்டு மணி கழித்து எனப் பாருங்கள். அதற்கு முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். விரலில் ஒட்டிய சீனியோ கரும்புச்சாறோ மீட்டர் அளவை வெகுவாகக் கூட்டிக் காட்டிவிடும். அதைப் பார்த்து யாரும் மாத்திரையை ஏற்றிவிடக் கூடாதே. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.4 வரை எச்சரிக்கை, 6.5 முதல் நீரிழிவு.

இன்சுலினோ கிளிமெபிரைடு என்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சீனியைக் குறையுங்கள். பழைய டோஸிலேயே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் அப்போது சீனிதான் மருந்து: 15 கிராம், கோபுரம் இல்லாமல் நாலு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.