'எதிர்பார்ப்பு' என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்கள் மொழிபெயர்த்துத் தருவதைத் திருத்துவது என் வேலை. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. என் தலைமுறை சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் சிவப்பு மையால் சுழித்த அதே சொற்களில்தான் இவர்களும் வழுக்குகிறார்கள். அதில் முதலிடம் 'எதிர்பார்ப்பு'க்கு. 'எதிர்ப்பார்ப்பு' என்று நடுவில் ஒரு ப் சேர்ப்பதை இங்கே பேசப்போவதில்லை. அகராதியைப் புரட்டினால் அது தீர்ந்துவிடும்.

சாவை எதிர்பார்ப்பது

"பலி எண்ணிக்கை மேலும் உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது."

விபத்து, நிலநடுக்கம், தீ என்று எது நடந்தாலும் இந்த வரி வந்துவிடும். மூலத்தில் 'எக்ஸ்பெக்டட்' என்று இருந்திருக்கும். கை தானாகத் தட்டிவிடும். ஆங்கிலச் சொல்லுக்கு நல்லது கெட்டது என்ற பேதம் இல்லை. நடக்கும் என்று நினைப்பதோடு அதன் வேலை முடிந்தது. தமிழில் அப்படி இல்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர் விருந்தாளியை எதிர்பார்க்கிறார். தேர்வு எழுதியவர் மதிப்பெண்ணை எதிர்பார்க்கிறார். வர வேண்டும் என்ற ஆசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பலி எண்ணிக்கையோடு கோத்தால், இன்னும் நாலு பேர் சாகட்டும் என்று காத்திருப்பதுபோல் ஒலிக்கும்.

ஒருமுறை கட்டட விபத்துச் செய்தியில் இந்த வரி அப்படியே அச்சாகிவிட்டது. மறுநாள் காலை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இடிபாட்டுக்குள் சிக்கியிருந்த ஒருவரின் அண்ணன். சத்தம் போடவில்லை. "என் தம்பி இன்னும் உள்ளதான் இருக்கான். அவன் சாவான்னு யாருங்க எதிர்பார்க்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வருத்தம் தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டோம். ஆனாலும் இந்த வரியை யார் எழுதிக்கொண்டு வந்தாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

"எதிர் என்றால் முன்னால், பார் என்றால் பார். இதில் ஆசை எங்கே வந்தது?" என்று ஒரு பயிற்சி உதவி ஆசிரியர் என்னோடு வாதாடினார். வேரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். "எதிரதாக் காக்கும் அறிவினார்" என்ற குறளில் (429) எதிரே வருவதாகச் சொல்லப்படுவது துன்பம்தான். எதிர்காலமும் நல்லதாக இருக்கலாம், கெட்டதாக இருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து 'எதிர்பார்' என்று ஒரே வினையான பிறகு, வழக்கு அதற்குத் தனி நிறம் கொடுத்துவிட்டது. வாசகர் வேரைப் பார்த்துப் படிப்பதில்லை. தன் வீட்டில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறதோ அப்படித்தான் படிப்பார்.

எதிர்மறையில் மட்டும் அந்த நிறம் போய்விடும். 'எதிர்பாராத பரிசு', 'எதிர்பாராத மரணம்' இரண்டும் இயல்பானவை. "இப்படி ஆகும்னு எதிர்பார்க்கல" என்று துக்க வீட்டிலும் சொல்கிறோம். அதையே 'எதிர்பார்த்த மரணம்' என்று மாற்றிப் பாருங்கள், காது கூசும். "அவங்க தோப்பாங்கன்னு எதிர்பார்த்ததுதான்" என்று பேசுவது உண்டே என்றால், ஆமாம், உண்டு. அது நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு. இனி நடக்கப்போகும் கேட்டுக்கு அது பொருந்தாது.

சரி, வேறு எப்படி எழுதுவது? உயிரிழப்பு, நோய், சேதம் என்றால் 'அஞ்சப்படுகிறது'. யாராவது கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தால் 'கணிக்கப்பட்டுள்ளது'. பெரும்பாலான இடங்களில் 'உயரக்கூடும்' என்பதே போதும். 'வாய்ப்புள்ளது' என்று மட்டும் மாற்றாதீர்கள். வாய்ப்பும் விரும்பி வரவேற்பதற்கான சொல்தான். உயிர் போகும் இடத்தில் 'அபாயம்' என்று எழுதுங்கள். மழைக்கு மட்டும் இடம் பார்க்க வேண்டும். பயிர் வாடும் ஊரில் மழையை எதிர்பார்க்கிறார்கள். வெள்ளம் வடியாத ஊரில் அதே மழைக்கு அஞ்சுகிறார்கள்.

யார் எதிர்பார்க்கிறார்கள்?

அமைச்சர் பதவி விலகுவார் என எதிர்பார்க்கப்படுகிறது என்றால், எதிர்பார்ப்பவர் யார்? கட்சிக்காரர்களா, எதிரணியா, எழுதியவரா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த வரி வேண்டாம்.

"9 மணிக்குள் வர எதிர்பார்க்கப்படுகிறார்கள்"

வர வேண்டும். அவ்வளவுதான்.

ஒருவரை, ஒருவரிடம்

"உன்னை எதிர்பார்த்தேன்" என்றால் உன் வருகையை. "உன்னிடம் எதிர்பார்த்தேன்" என்றால் நீ செய்ய வேண்டிய ஒன்றை, அல்லது நடந்துகொள்ள வேண்டிய விதத்தை. "மக்கள் புதிய அரசை நிறைய எதிர்பார்க்கிறார்கள்" என்று ஒரு கட்டுரையில் வந்தது. அரசு ஏற்கெனவே வந்துவிட்டது. இனி 'அரசிடம்' என்றுதான் எழுத வேண்டும். ஓர் உருபு மாறினால் வாக்கியத்தின் காலமே மாறிவிடுகிறது.

எதிர்நோக்குவதும் எதிர்கொள்வதும்

நெருக்கடி இன்னும் வரவில்லை என்றால் எதிர்நோக்குகிறோம். வந்துவிட்டால் எதிர்கொள்கிறோம்.

"பெரும் எதிர்பார்ப்பு நிலவுகிறது"

வெட்டிவிடுங்கள்.

கணக்கில் வரும் எதிர்பார்ப்பு

'பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம்' என்பது ஒரு கலைச்சொல். ஒரு நாட்டில் அது 50 ஆண்டு என்றால், அங்கே எல்லோரும் 50 வயதில் இறக்கிறார்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது ஒரு சராசரி. குழந்தை இறப்பு அதிகமாக இருந்தால் சராசரி கீழே இறங்கும். பிழைத்து வளர்ந்தவர்களில் பலர் 60, 70 வயதைத் தாண்டியும் இருப்பார்கள். நிகழ்தகவில் வரும் 'எதிர்பார்ப்பு மதிப்பு'ம் இப்படித்தான். 1 முதல் 6 வரை எண் கொண்ட பகடையை உருட்டினால் அந்த மதிப்பு 3.5. பகடையில் 3.5 என்று ஒரு முகமே இல்லை, எத்தனை முறை உருட்டினாலும் அது விழப்போவதும் இல்லை. நிறைய முறை உருட்டி, விழுந்த எண்களின் சராசரியை எடுத்தால் அதற்கு அருகில் வந்து நிற்கும். இத்தகைய செய்திகளில் கலைச்சொல்லை மாற்ற வேண்டாம். முதல் முறை வரும் இடத்தில் 'அதாவது சராசரியாக' என்று சேர்த்துவிட்டு மேலே எழுதுங்கள்.